கம்மி செலவுல வெயில் காலத்த சமாளிக்கிறது எப்படி: வீடு, தோட்டம், குடும்பத்தோட வெளிய போறது

வெயில் ஆரம்பிச்ச உடனே எல்லாருக்கும் முதல்ல தோணுறது ஏதாவது ஒரு மெஷின் வாங்கிப் போட்டுடலாம்னுதான். ஏசி, கூலர், இல்லன்னா பெரிய டேபிள் ஃபேன். நானும் அப்படித்தான் இருந்தேன். நாலஞ்சு கோடைய பாத்ததுக்கு அப்புறம் புரிஞ்சது என்னன்னா காச செலவு பண்றதுக்கு ஒரு வரிசை இருக்கு, முதல்ல நிழல், அப்புறம் காத்து, அதுக்கப்புறம் தண்ணி, கடைசியாதான் கரண்ட்ல ஓடுற சாமான். இந்த வரிசைய தலைகீழா செஞ்சா மெஷினும் வாங்கி, கரண்ட் பில்லும் கட்டி, வீடும் புழுங்கிக்கிட்டேதான் இருக்கும். வரிசைப்படி செஞ்சா பாதி வேலை கிட்டத்தட்ட ஓசியிலயே முடிஞ்சிடும். வீட்டுக்கு மட்டும் இல்ல, செடிக்கும் புள்ளைங்கள கூட்டிட்டு வெளிய போறதுக்கும் இதே வரிசைதான்.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் வீட்ட சும்மா கவனிங்க. காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீட்ட ஒரு சுத்து சுத்தி வாங்க, எந்த ஜன்னல் வழியா வெயில் நேரா உள்ள விழுது, எந்த செவுரு தொட்டா சூடா இருக்கு, ஸ்டூல் போட்டு ஏறி கூரைய தொட்டா எப்படி இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டே வாங்க. முடிஞ்சா ரெண்டு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய நிழல்ல மாட்டுங்க. இந்த கோடைல நான் வாங்கின சாமான்லயே அதிகமா உபயோகப்பட்டது இதுதான்னு தைரியமா சொல்லுவேன், ஏன்னு கீழ காத்து பத்தி வரும்போது புரியும்.

ஜன்னல்: வெயில வெளியவே நிறுத்தணும்

பெரும்பாலான வீட்ல வெயில் உள்ள வர்ற பெரிய வழி ஜன்னல்தான். உள்பக்கம் கர்ட்டன் போட்டுட்டா போதும்னு நெனைக்கிறோம், ஆனா வெயில் கண்ணாடிய தாண்டி கர்ட்டன்ல பட்டுச்சுன்னா அந்த சூடு ஏற்கனவே வீட்டுக்குள்ள வந்தாச்சு, கர்ட்டன் சூடாகி அந்த சூட்ட ரூமுக்குள்ளயே விடும். அதே துணிய ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கட்டினா கண்ணாடிகிட்டயே வெயில் வராது. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, மேற்கு பார்த்த ஜன்னலுக்கு வெளிய சாய்ப்பு மாதிரி மறைப்பு போட்டா உள்ள வர்ற வெயில் சூடு 77 சதவீதம் வரைக்கும் குறையும், ஆனா உள்பக்கம் வெள்ளை லைனிங் வெச்ச கர்ட்டன் போட்டா 33 சதவீதம்தான். துணி ஒண்ணுதான், எந்தப் பக்கம் கட்டுறோம்ங்கறதுதான் விஷயம்.

அதனால மூங்கில் தட்டி, பழைய பெட்ஷீட், ஷேட் நெட், கேன்வாஸ், எது கைல இருக்கோ அத ஜன்னலுக்கு வெளிய கட்டுங்க. கண்ணாடிய ஒட்டி கட்டாதீங்க, ஒரு சாண் இடைவெளி விட்டு கட்டுங்க, அப்பதான் நடுவுல காத்து ஓடி சூட்ட தூக்கிட்டு போகும். மேல மட்டும் கட்டிட்டு கீழ விட்டுடாம கீழ்ப்பக்கமும் கயிறு போட்டு இழுத்து கட்டுங்க, இல்லன்னா ஒரு பெரிய காத்து அடிச்சா பிச்சுக்கிட்டு போயிடும். எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாள்ல செய்யணும்னு இல்ல, மேற்கு பார்த்த ஜன்னல்ல ஆரம்பிங்க. சாயங்கால வெயில் தாழ்வா சாஞ்சு வரும், ஜன்னலுக்கு மேல இருக்குற சன்ஷேடு அத தடுக்காது, அதுவும் இல்லாம அந்த நேரத்துல வீடு ஏற்கனவே நாள் பூரா சூடாகி நிக்கும். கிழக்கு ரெண்டாவது. வெளிய கட்டவே முடியாத அபார்ட்மெண்ட்டா இருந்தா உள்பக்கம் வெளிர் நிற துணிய கண்ணாடிக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல தொங்க விடுங்க, வெயில் படுறதுக்கு முன்னாடியே மூடிடுங்க, பட்டதுக்கு அப்புறம் மூடி பெரிய பிரயோஜனம் இல்ல.

தலைக்கு மேல இருக்குற கூரை

மேல் மாடில இருக்குறவங்க, தனி வீடு வெச்சிருக்கவங்க எல்லாம் கவனிக்க வேண்டியது இது. தட்டையான காங்கிரீட் கூரை பகல் பூரா வெயில குடிச்சு வெச்சுக்கும், அந்த சூடு கீழ இறங்கி வர பல மணி நேரம் ஆகும், அதனாலதான் வெளிய காத்து ஜில்லுன்னு ஆன பிறகும் ராத்திரி பத்து மணிக்கு கட்டில்ல படுத்தா மேல இருந்து அனல் அடிக்கிற மாதிரி இருக்கும். ஃபேன் போட்டா அந்த சூட்டதான் கீழ தள்ளும்.

இதுக்கு பெஸ்ட் வெள்ளை. கருப்பா அழுக்கேறி இருக்குற கூரை மேல விழுற வெயில்ல பெரும்பகுதிய உறிஞ்சிடும், புதுசா வெள்ளை அடிச்ச கூரை பெரும்பகுதிய திருப்பி அனுப்பிடும். இதுக்குன்னே வெப்பம் தடுக்குற பெயிண்ட் விக்கிறாங்க, அத வாங்க முடியலன்னா சுண்ணாம்பே போதும், ஆனா சுண்ணாம்பு மழைல கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். அடிக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நெறைய பேர் விடுற வேலை, பாசி, தூசி எல்லாம் பிரஷ் போட்டு தேச்சு கழுவணும், விரிசல் இருந்தா அடைக்கணும், நல்லா காய விடணும், அப்புறம் ரெண்டு கோட் அடிக்கணும், முதல் கோட் ஒரு திசைல, ரெண்டாவது அதுக்கு குறுக்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலைல அடிங்க, கொதிக்கிற தரைல அடிச்சா சீக்கிரம் காஞ்சு பொறுக்கு தட்டும். வெள்ளை தரைல வெயில் அடிச்சு கண்ணு கூசும், கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வேலை பாருங்க. தூசி படிஞ்சா வெள்ளைக்கு பலன் குறையும், அதனால கோடைல அப்பப்ப கழுவி விடுங்க.

வாடகை வீடு, பெயிண்ட் அடிக்க விட மாட்டாங்கன்னா கூரைக்கு மேல ஷேட் நெட் கட்டலாம். தரை மேலயே விரிச்சு போடாதீங்க, ஆள் உயரம் இல்லன்னாலும் ஒரு ரெண்டு அடியாவது தூக்கி கட்டுங்க. படுக்குற ரூமுக்கு மேல இருக்குற பகுதிக்கு மட்டும் கட்டினாலே ராத்திரி வித்தியாசம் தெரியும். சாயங்காலம் கூரைல தண்ணி தெளிக்கிறதும் வேலை செய்யும், தண்ணி தாராளமா இருக்குற இடத்துல மட்டும், கூரை ஒழுகாதுன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும். தேங்குற அளவுக்கு ஊத்த வேண்டாம், ஈரமாகுற அளவு போதும், ஏன்னா குளிர்ச்சி தண்ணி ஆவியாகுறதுலதான் வருது.

எப்ப திறக்கணும், எப்ப மூடணும்

இங்கதான் அந்த ரெண்டு தெர்மாமீட்டர் வேலைக்கு வரும். ரூல் ரொம்ப சிம்பிள், உள்ள இருக்குற சூட்ட விட வெளிய கம்மியா இருந்தா எல்லாத்தையும் திறங்க, வெளிய அதிகமானா மூடுங்க. காத்து வேணும்னு பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சா வெளிய இருக்குற அனல நாமளே உள்ள கூப்பிடுறோம். நான் ரொம்ப வருஷம் இந்த தப்பதான் பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப ராத்திரி பூரா திறந்து வெச்சு, காலைல வெளிய சூடு ஏறி உள்ள இருக்குற அளவ தொடும்போது ஜன்னலையும் கர்ட்டனையும் மூடிடுறோம், சாயங்காலம் வெளிய இறங்கினதும் மறுபடி திறக்குறோம். வெளிய சூடு ரொம்ப ஏறாம புழுக்கம் மட்டும் அதிகமா இருக்குற ஊர்ல பகல்லயும் காத்தோட்டம் தேவைதான், அங்க வெயில் படாத பக்கத்து ஜன்னல மட்டும் திறந்து வைங்க.

திறக்குறதும் சும்மா ஒரு ஜன்னல திறந்தா காத்து வராது, அது போறதுக்கும் ஒரு வழி வேணும். நிழல் பக்கம் கீழ இருக்குற ஜன்னல், எதிர்ப்பக்கம் மேல இருக்குற ஜன்னல் இல்லன்னா வென்டிலேட்டர், இந்த ரெண்டையும் திறந்தா சூடு காத்து மேல ஏறி வெளிய போக, ஜில்லு காத்து கீழ் வழியா உள்ள வரும். உள்ள வர்ற வழி சின்னதா, வெளிய போற வழி பெருசா இருந்தா உள்ள வர்ற காத்து வேகமா வரும். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க ஒரு மெல்லிசான பேப்பர் துண்ட நூல்ல கட்டி கதவு நிலைல தொங்க விடுங்க, அது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். காத்தே இல்லாத ராத்திரில டேபிள் ஃபேன ஜன்னல்கிட்ட வெளிய பாத்த மாதிரி வைங்க, சூடான ரூம் பக்கம் வெச்சா அந்த சூட்ட அது வெளிய தள்ளும், இன்னொரு பக்கத்து ஜன்னல் வழியா குளிர் காத்து தானா உள்ள வரும். கேக்க வினோதமா இருக்கும், ஒரு ராத்திரி செஞ்சு பாருங்க.

கொசு வலைய மறந்துடாதீங்க. ஜன்னல் வலைல தூசி அடைச்சிருந்தா காத்து கணிசமா குறையும், கழட்டி சோப்பு தண்ணில பிரஷ் போட்டு கழுவி மாட்டுங்க, அன்னிக்கே வித்தியாசம் தெரியும். பைசா செலவில்லாத வேலை.

சீலிங் ஃபேன் மெதுவா சுத்துதுன்னா உடனே புது ஃபேன் வாங்காதீங்க, நெறைய நேரம் உள்ள இருக்குற கண்டென்சர் வீக் ஆகியிருக்கும், அது ரொம்ப சின்ன செலவு, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மாத்திட்டா பழைய வேகம் வந்துடும். இறக்கை மேல படிஞ்ச தூசியையும் துடைங்க. ஃபேன் ஆள குளிர்விக்கும், ரூம குளிர்விக்காது, அதனால யாரும் இல்லாத ரூம்ல ஓட விடுறது வீண். புது ஃபேன் வாங்கியே ஆகணும்னா பிஎல்டிசி மோட்டார் போட்டதா பாருங்க, சாதா ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், இது 30 வாட் பக்கத்துலதான் இழுக்கும். இன்னொரு விஷயம், காத்தோட சூடு 40 டிகிரிய தாண்டிட்டா வெறும் ஃபேன் காத்து உடம்ப சூடாக்கத்தான் செய்யும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அந்த மாதிரி நேரத்துல ஈரத்துணியால உடம்ப துடைச்சுக்கிறது, குளிக்கிறது, வேற குளிர்ச்சியான இடத்துக்கு போறதுதான் வழி. வயசானவங்க, கைக்குழந்தை இருக்குற வீட்ல இத கண்டிப்பா ஞாபகம் வைங்க.

கிண்ணத்துல ஐஸ் போட்டு ஃபேன் முன்னாடி வைக்கிற டிரிக் பத்தி நெறைய பேர் கேக்குறாங்க. முன்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கொஞ்ச நேரம் சுகமா இருக்கும், ரூம் குளிராது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுத்துக்குற சூட்ட விட ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது எடுத்துக்குற சூடு கிட்டத்தட்ட 7 மடங்கு, அதனால காத்து வறண்டு இருக்குற இடத்துல ஜன்னல்ல ஈரத்துணி கட்டுறது ஐஸ விட நல்லாவே வேலை செய்யும். ஆனா ஏற்கனவே கசகசன்னு புழுங்குற ஊர்ல ஈரத்துணியும் வேண்டாம், தண்ணி ஊத்துற கூலரும் வேண்டாம், ஈரம் கூடி இன்னும் மோசமாகும். கூலர் வாங்குறவங்க இத ஒரு தடவை யோசிச்சுட்டு வாங்குங்க, வறண்ட காத்துக்குதான் கூலர், அதையும் ஜன்னல திறந்து வெச்சுதான் ஓட்டணும்.

ஏசி ஏற்கனவே இருக்குன்னா ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்க, 26ல வெச்சு கூடவே ஃபேன மெதுவா ஓட விடுங்க, கதவுக்கு அடில இருக்குற இடைவெளிய பழைய துணிய சுருட்டி அடைங்க. வீட்டுக்குள்ள சூடு போடுற வேலையெல்லாம், அடுப்பு, அயர்ன் பாக்ஸ், அவன், இதெல்லாம் விடிகாலைலயே முடிச்சுடுங்க. ஃபிரிட்ஜ செவுத்தோட ஒட்டி வைக்காம கொஞ்சம் முன்னாடி இழுத்து பின்னாடி தூசி தட்டுங்க. அவ்வளவுதான், இதுக்கு மேல ஏசில விசேஷம் ஒண்ணும் இல்ல.

தோட்டம்: பத்து தொட்டியா இருந்தாலும் தோட்டம்தான்

கோடைல செடி சாகுறதுக்கு காரணம் தண்ணி பத்தாததுன்னு மட்டும் நெனைக்காதீங்க, மத்தியானம் வாடி இருக்கேன்னு பயந்து ஊத்தி ஊத்தி வேர் அழுகி செத்த செடியும் நெறைய. உச்சி வெயில்ல சில செடிங்க தன்னோட ஈரத்த காப்பாத்திக்க இலைய தொங்க விடும், சாயங்காலம் தானா நிமிரும். சாயங்காலமும் நிமிரலன்னாதான் பிரச்சனை. சந்தேகமா இருந்தா விரல ரெண்டு இஞ்ச் மண்ணுக்குள்ள விட்டு பாருங்க, ஈரம் தட்டுப்பட்டா ஊத்த வேண்டாம்.

தண்ணி விடுறதுக்கு விடிகாலைதான் சரியான நேரம், மண்ணும் குளிர்ந்திருக்கும், வெயில் வர்றதுக்குள்ள வேர் குடிச்சு முடிச்சிடும். தரைல இருக்குற செடிக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறத விட ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை ஆழமா இறங்குற மாதிரி ஊத்துறது நல்லது, மேலாக்க ஊத்தினா வேரும் மேலாக்கவே நிக்கும், ஒரு நாள் தப்பினா வாடிடும். தொட்டிக்கு இது பொருந்தாது, சின்ன தொட்டி தினமும் கேக்கும், கடும் வெயில்ல ரெண்டு வேளையும் கேக்கும். வெயில்ல கிடந்த ஹோஸ் பைப்புல முதல்ல வர்ற தண்ணி கையே சுடும், அத செடில பிடிக்காம ஒரு வாளில பிடிச்சு ஆற வைங்க. இலைல தண்ணி பட்டா அது லென்ஸ் மாதிரி வேலை செஞ்சு இலைய சுட்டுடும்னு சொல்லுவாங்க, 2010ல ஹங்கேரில ஆராய்ச்சி பண்ணி பாத்தாங்க, வழவழன்னு இருக்குற இலைல அப்படி நடக்கல, ரோமம் மாதிரி இருக்குற இலைலதான் அதுக்கு கொஞ்சம் வாய்ப்பு. அதனால மத்தியானம் ஒரு செடி நெசமாவே தண்ணி இல்லாம சாகப் போகுதுன்னா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காம அப்பவே வேருக்கு ஊத்துங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் மூடாக்கு. காஞ்ச இலை, வைக்கோல், வெட்டின புல்ல காய வெச்சது, எது கிடைக்குதோ அத ரெண்டு மூணு இஞ்ச் கனத்துக்கு செடிய சுத்தி பரப்புங்க. தண்டுல இருந்து மூணு விரக்கடை தள்ளி போடுங்க, ஒட்டி போட்டா தண்டு அழுகும். முதல்ல மண்ண நல்லா நனைச்சுட்டு அப்புறம் போடணும், காஞ்ச மண்ணுல போட்டா ஊத்துற தண்ணிய மூடாக்கே குடிச்சிடும். மண்ணுல வெயில் நேரா படாததால ஈரம் நிக்கும், களையும் கம்மியாகும், கோடை முடியும்போது அதுவே மக்கி உரமாகும். குப்பைன்னு நாம எரிக்கிற சருகு எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாத்தா மனசு கேக்காது, தயவு செஞ்சு எரிக்காதீங்க.

தொட்டிய தனித்தனியா வைக்காம நெருக்கமா கூட்டமா வைங்க, ஒண்ணோட நிழல் இன்னொண்ணுக்கு விழும். கருப்பு பிளாஸ்டிக் தொட்டில வெயில் பட்டா வேர் வெந்துடும், வெளிப்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடிங்க, இல்லன்னா ஒரு பழைய சாக்க சுத்தி கட்டுங்க, இல்ல பெரிய தொட்டிக்குள்ள இந்த சின்ன தொட்டிய இறக்கி நடுவுல மண்ணோ சருகோ போடுங்க. காய்கறி செடிக்கு 50 சதவீத ஷேட் நெட் போதும், அதுக்கு மேல நிழலாச்சுன்னா பூ கம்மியாகும். உச்சி வெயில் காலத்துல உரம் நெறைய போடுறது, பெருசா கவாத்து பண்றது, தொட்டி மாத்துறது மூணும் வேண்டாம், செடி உயிர் பிழைக்கவே போராடுற நேரத்துல அதுக்கு வேற வேலை குடுக்க கூடாது.

ரெண்டு நாள் ஊருக்கு போறீங்கன்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வாளில தண்ணி வெச்சு அத தொட்டிய விட உயரத்துல வைங்க, ஒரு பருத்தி கயிறோட ஒரு நுனி வாளிக்கு அடில, இன்னொரு நுனி தொட்டி மண்ணுல நாலு விரல் ஆழத்துல, கயிறு வழியா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஊறி இறங்கும். கிளம்புறதுக்கு முதல் நாளே வெச்சு பாருங்க. இன்னொண்ணு, மெருகு போடாத மண்பானைய கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு தண்ணி ஊத்தி மூடி வைக்கிறது. 2000 வருஷத்துக்கு மேல பழக்கத்துல இருக்குற முறை இது. சுத்தி மண்ணு காய காய பானை கசிஞ்சு குடுக்கும், மண்ணு ஈரமா இருந்தா கசிவு தானா குறையும், செடி எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் போகும், அந்த பானைய சுத்தி நாலு காய்கறி செடி வைக்கலாம். வாய மூடாம விட்டா கொசு முட்டை போடும்.

கொசு பத்தி சொல்லிட்டேன், முழுசா சொல்லிடுறேன். கோடைல தண்ணிய பிடிச்சு பிடிச்சு வைப்போம், சூட்டுல முட்டைல இருந்து கொசுவாக 7ல இருந்து 10 நாள்தான் ஆகும். அதனால தொட்டிக்கு அடில இருக்குற தட்டு, வாளி, டிரம், கூலர் டேங்க் எல்லாத்தையும் வாரத்துல ஒரு நாள் குறிச்சு வெச்சு காலி பண்ணுங்க. காலி பண்ணா மட்டும் பத்தாது, ஓரத்த தேச்சு கழுவணும், டெங்கு கொசுவோட முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு தண்ணி இல்லாமயே மாசக் கணக்குல உயிரோட இருக்கும். பறவைக்கு தண்ணி வைக்கிறவங்க, கண்டிப்பா வைங்க, அகலமான தட்டுல ரெண்டு விரல் ஆழம் போதும், நடுவுல ஒரு கல் போட்டீங்கன்னா சின்ன பூச்சியும் வந்து குடிக்கும், தினமும் மாத்திடுங்க.

தரைல காலியா ஒரு பாத்தி கிடந்தா கடும் வெயில வேலைக்கு வைங்க. களைய பிடுங்கி, மண்ண சமன் பண்ணி, நல்லா தண்ணி விட்டு ஊற வெச்சு, மேல கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் ஷீட்ட இழுத்து விரிச்சு நாலு ஓரத்தையும் மண்ணு போட்டு மூடிடுங்க. 4ல இருந்து 6 வாரம் அப்படியே விட்டா உள்ள ஏறுற சூட்டுல களை விதையும் மண்ணுல இருக்குற நோய்க் கிருமியும் நெறைய செத்துடும். 1976ல இஸ்ரேல் விஞ்ஞானிகள் ஆராய்ச்சி பண்ணி வெளியிட்ட முறை இது. கருப்பு ஷீட் போடாதீங்க, அது தன்மேலயே சூட்ட வெச்சுக்கும், மண்ணுக்குள்ள அவ்வளவா இறங்காது.

அப்புறம் தோட்டத்த வீட்டோட சேத்து யோசிங்க. அந்த மேற்கு செவுத்துல இருந்து ஒரு அடி தள்ளி கயிறோ கம்பி வலையோ கட்டி சீக்கிரமா படருற ஒரு காய்க்கொடிய ஏத்தி விட்டீங்கன்னா ரெண்டு மாசத்துல செவுத்துக்கு நிழல், இலைல இருந்து ஆவியாகுற தண்ணியால குளிர்ச்சி, கூட காயும் கிடைக்கும். வெயில் உச்சத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே விதைக்கணும், இந்த வருஷம் தவறிட்டா அடுத்த வருஷத்துக்கு இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க.

குடும்பத்தோட வெளிய

லீவ் விட்டாச்சு, புள்ளைங்கள வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்க முடியாது, அதுவும் பாவம். செலவில்லாம வெளிய போறதுல முக்கால்வாசி விஷயம் நேரம்தான். காலைல 10 மணில இருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும்தான் வெயில் உக்கிரம், அந்த நேரத்துக்கு நூலகம், மியூசியம் மாதிரி கூரை உள்ள இடம், பூங்கா, ஆறு, கடற்கரை எல்லாம் விடிகாலை இல்லன்னா சாயங்காலம். நெறைய மியூசியத்துல வாரத்துல இல்ல மாசத்துல ஒரு நாள் இலவசமா விடுவாங்க, விசாரிச்சு வைங்க. மணி பாக்க தெரியாத குழந்தைக்கு கூட சொல்லி குடுக்கலாம், உன் நிழல் உன்ன விட குட்டையா இருந்தா வெயில்ல விளையாடாத, நீளமா இருந்தா விளையாடுன்னு. புற ஊதா கதிர் எப்ப பலமா இருக்குங்கறதுக்கு அது உண்மையிலயே நல்ல அளவுகோல்.

சன்ஸ்கிரீன் வாங்கினா எஸ்பிஎஃப் 30க்கு மேல பாத்து வாங்குங்க, விலை கூடினதுதான் நல்லதுன்னு இல்ல. எல்லாரும் பண்ற தப்பு கொஞ்சமா தடவுறது, பெரியவங்க உடம்பு முழுக்க பூச கிட்டத்தட்ட 7 டீஸ்பூன் வேணும், கிளம்புறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி பூசி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசணும். இவ்வளவு செலவு கட்டுப்படி ஆகலன்னா முழுக்கை பருத்தி சட்டை, அகலமான தொப்பி, குடை, இது மூணும் போதும், முகத்துக்கும் கைக்கும் மட்டும் கிரீம். 6 மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு கிரீம் வேண்டாம், நிழல்லயே வெச்சுக்கங்க.

சாப்பாட்டு பைல கவனம் வேணும். சமைச்சது வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்க கூடாது, சூடு 32 டிகிரிய தாண்டின நாள்ல ஒரு மணி நேரம்தான். ஐஸ் பாக்ஸ் இல்லன்னா ஒரு தெர்மோகோல் பெட்டி போதும், ஐஸ் வாங்காம தண்ணி பாட்டில முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசர்ல வைங்க, முழுசா நிரப்பாதீங்க, தண்ணி உறையும்போது விரியும், பாட்டில் வெடிச்சிடும். ஜில்லு காத்து கீழ இறங்கும்ங்கறதால ஐஸ் பாட்டில்ல பாதிய சாப்பாட்டுக்கு மேல வைங்க. பெட்டில காலி இடம் விடாம துண்டு சுருட்டி அடைங்க. குடிக்கிற தண்ணிக்கு வேற பை, ஏன்னா புள்ளைங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அததான் திறக்கும், சாப்பாட்டு பெட்டி அப்படியே மூடி இருக்கணும். சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம் பெட்டில இருக்குற ஐஸ் உருக உருக அதையே குடிச்சுக்கலாம்.

காரை பத்தி சொல்றத தயவு செஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. 2005ல ஸ்டான்ஃபோர்ட் டாக்டர்கள் அளந்து பாத்தாங்க, வெயில்ல நிறுத்தின காருக்குள்ள ஒரு மணி நேரத்துல சராசரியா 22 டிகிரி ஏறுது, அதுல 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்துலயே ஏறிடுது, ஜன்னல கொஞ்சமா இறக்கி விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல. தூங்குற குழந்தைய எழுப்ப மனசு வராம "அஞ்சு நிமிஷம்தானே"ன்னு விட்டுட்டு போகவே கூடாது. பின் சீட்ல குழந்தை இருக்குன்னா உங்க செல்ஃபோனையோ பையையோ அது பக்கத்துல வைங்க, இறங்கும்போது எடுக்க திரும்பி பாத்தே ஆகணும். சீட் பெல்ட்டோட இரும்பு கொக்கி, பூங்கால இருக்குற சறுக்கு மரம், இதெல்லாம் குழந்தைய உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி உங்க புறங்கைய வெச்சு பாருங்க, உங்களுக்கு வைக்க முடியலன்னா குழந்தை தோல் கண்டிப்பா தாங்காது.

தண்ணி இருக்குற இடத்துக்கு போனா ஒரு பெரியவர் முழு நேரமும் ஃபோன் இல்லாம பாத்துக்கிட்டு இருக்கணும், மாத்தி மாத்தி பாத்துக்கலாம், ஆனா இப்ப யாரோட முறைன்னு வாய்விட்டு சொல்லிக்கணும். முங்குற குழந்தை கத்தாது, கைய ஆட்டாது, சத்தமே இல்லாமதான் போகும். பளிச்சுன்னு ஆரஞ்சு, பிங்க் நிறத்துல நீச்சல் டிரஸ் போட்டு விடுங்க, நீலம் தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது. காத்தடிச்ச டியூப் விளையாட்டு சாமான், பாதுகாப்பு சாமான் இல்ல. வீட்ல டப்புல தண்ணி விட்டு விளையாட விட்டாலும் முடிஞ்ச உடனே கவுத்துடுங்க, கைக்குழந்தைக்கு ரெண்டு இஞ்ச் தண்ணி கூட ஆபத்து.

யாருக்காவது தலை சுத்தி, வாந்தி வர்ற மாதிரி இருந்து, வேர்த்து கொட்டுச்சுன்னா நிழல்ல படுக்க வெச்சு காலை கொஞ்சம் தூக்கி வெச்சு துணிய தளர்த்தி கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. பேச்சு குழறுது, ஆள் தெரியல, மயக்கம் போடுறாங்கன்னா அது வெறும் வெப்பச் சோர்வு இல்ல, ஹீட் ஸ்ட்ரோக்குன்னு சொல்ற வெப்பத் தாக்கு, உடனே ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு அது வர்ற வரைக்கும் உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க, மயக்கத்துல இருக்குறவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

எங்க வீட்ல புள்ளைங்களுக்கு ரொம்ப பிடிச்ச கோடை பயணம் நட்சத்திரம் பாக்குறதுதான். வீட்டு லைட்டு, தெரு லைட்டு கண்ணுல அடிக்காத ஒரு இடம், அது பாதுகாப்பான இடமான்னு பகல்லயே போய் பாத்துக்கங்க, நிலா இல்லாத ராத்திரியா தேர்ந்தெடுங்க, அமாவாசைக்கு முன்ன பின்ன. ரெண்டு போர்வை, தண்ணி, டார்ச்சு, அவ்வளவுதான் சாமான். டார்ச்சு முகப்புல சிவப்பு கண்ணாடி பேப்பர் ஒட்டிடுங்க, சிவப்பு வெளிச்சம் கண்ணோட இருட்டு பழக்கத்த அவ்வளவா கெடுக்காது. முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் பெருசா தெரியாது, புள்ளைங்க போலாம் போலாம்னு சொல்லும், அப்ப கிளம்பிடாதீங்க, கண்ணு இருட்டுக்கு நல்லா பழக 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும், யாரும் ஃபோன எடுக்க கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டுக்கங்க, ஒரு தடவை ஸ்கிரீன பாத்தா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அரை மணி நேரம் கழிச்சு வானம் பூரா நிரம்பி இருக்குறத பாத்து பெரியவங்களே பேச்சு நின்னு போய் படுத்துக்கிடப்பாங்க. வீடு திரும்பினதும் ஜன்னல் எல்லாம் திறந்து விட்டுட்டு, காலி பாட்டில கழுவி முக்கால் அளவு தண்ணி நிரப்பி ஃப்ரீசர்ல வெச்சுட்டு படுங்க.